மலையகத்திலிருந்து வேனிலேயே தங்கிக் கிழக்குக் கடற்கரைக்குப் போகலாமா?

"அறை எடுக்காமல், வேனிலேயே படுத்துச் சமைத்துக் கிழக்குக் கடற்கரையோரம் குடும்பத்தோடு சில நாள் தங்க முடியுமா? பிள்ளைகளுக்கு ஆபத்தில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். நாங்கள் அப்பித்தளைப் பக்கம். ஆகஸ்ட் பாடசாலை விடுமுறை வந்தால் பழைய டொல்பின் வேனின் பின் இருக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். உங்களுக்கும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், விடுதி வாடகை கட்டுப்படியாகாது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் இந்தப் பேச்சை எடுத்தாலே, "அது வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு எதற்கு?" என்பார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் குமண காட்டுக்குள் இறங்கி, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று மரத்தடியிலும் ஆற்றங்கரையிலும் அடுப்பு மூட்டிப் படுத்தெழுந்துதான் போய்ச் சேருகிறார்கள். நம் முன்னோர்களும் கடல் தாண்டி வந்து, காட்டு வழியே நடந்துதான் மலையேறினார்கள். வெட்டவெளியில் உறங்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

காலம் முக்கியம். தென்மேற்குப் பருவமழையில் மேற்கு மலைச்சரிவு நனைந்து கிடக்கும் மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கரை காய்ந்து கிடக்கும். நவம்பரில் வடகீழ்ப் பருவமழை இறங்கிவிட்டால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள். பெரகலையில் இறங்கி, கொஸ்லந்தை, வெல்லவாய, புத்தல, மொனராகலை, சியம்பலாண்டுவ, லகுகல வழியாகப் பொத்துவில். வெல்லவாய வரை இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் சின்ன கியரிலேயே இறங்குங்கள். டீசலையும் குடிதண்ணீரையும் பொத்துவிலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பாணமை வரை தார் ரோடு, அதற்குப் பிறகு உகந்தை வரை கிரவல்தான்.

ஒருமுறை அறுகம்குடாவில் கரையோரம் நிறுத்திப் படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தோம். என் அம்மா கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிறாரே, அதே படங்குதான். வேன் கூரையில் ஒரு பக்கத்தையும் நட்ட கம்புகளில் மறு பக்கத்தையும் கட்டிவிட்டால் அதுவே எங்கள் சமையலறை. பக்கத்து விடுதிக்காரர் வந்து, "இது டூரிஸ்ட் வரும் இடம், இங்கே சமைக்கக் கூடாது" என்றார். கொஞ்சம் தள்ளி வெளிநாட்டு இளைஞர்கள் இருவர் சின்ன காஸ் அடுப்பில் நூடில்ஸ் அவித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மனைவி பிசைந்து வைத்திருந்த ரொட்டி மாவை மூடி எடுத்துக்கொண்டு பேசாமல் வேனில் ஏறினார்.

பாணமைக்கு அப்பால், மீனவர்கள் தங்கும் ஒரு வாடியில் இரவு வேனை நிறுத்தலாமா என்று கேட்டோம். அங்கிருந்த பெரியவர் சிங்களவர், தமிழும் சரளமாகப் பேசினார். பாணமையில் இரு இனத்தாரும் கொண்டு கொடுத்து வாழ்கிறவர்கள். "நிற்கலாம் தம்பி, ஆனால் அந்த இடத்தில் வேண்டாம்" என்று புதரோரம் கூட்டிப்போய்க் காட்டினார். ஈர மண்ணில் தோசைக்கல்லைவிடப் பெரிய வட்டத் தடம். பாதத்தின் சுருக்கக் கோடுகள்கூடப் பதிந்திருந்தன. பக்கத்தில் கிடந்த லத்தியில் செரிக்காத வித்துகள். யானைகள் காட்டிலிருந்து களப்புக்குத் தண்ணீருக்கு இறங்கும் வழியாம் அது. வேனை வாடிக்கு மறுபக்கம் மாற்றினோம். வாழைப்பழ வாசனை ஆகாது என்றதால் இருந்ததை எல்லோருமாகத் தின்று முடித்து, தோலைத் தூரக் கொண்டுபோய்ப் புதைத்தோம். நள்ளிரவுக்குப் பிறகு கிளை முறியும் சத்தம் கேட்டது. லைட் போடாதே, ஹோர்ன் அடிக்காதே என்று பெரியவர் முன்பே சொல்லி வைத்திருந்தார். அது தன் வழியே போய்விட்டது. விடிந்து பார்த்தால், அவர் வேண்டாம் என்ற இடத்தில் புதிய லத்தி.

உடனே, "யானை வரும் இடத்தில் குடும்பத்தோடு தங்கச் சொல்கிறான்" என்று யாராவது எழுதுவார்கள். ஊர்க்காரரைக் கேட்காமல் எங்கும் நிறுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். குமண தேசியப் பூங்காவுக்குள் வனசீவராசிகள் திணைக்களத்தின் முன் அனுமதியோடு, ஒதுக்கிய இடத்தில் மட்டுமே இரவு தங்கலாம். அதை மீறச் சொல்கிறவன் நான் அல்ல.

ஆபத்து என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொஸ்லந்தையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு மீரியபெத்தைதான் நினைவுக்கு வரும். 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மண்ணுக்குள் கொண்டுபோன இடம். அங்கே அபாயம் இருக்கிறது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். இன்றும் மழை பிடித்தால் சரிவுக்குக் கீழே பிள்ளைகளை அணைத்துக்கொண்டு விழித்திருக்கும் குடும்பங்கள் எங்கள் தோட்டங்களில் இருக்கின்றன. நாங்கள் கடற்கரையில் சில இரவு தங்குவதற்குப் பதறுகிறவர்கள், அந்த லயத்துக்கு மாற்றுக் காணி எங்கே என்று கேட்டு ஒரு கடிதமாவது எழுதட்டும்.

இனி பிள்ளைகள் விஷயம். நம் பிள்ளைகள் அலையைக் கண்டால் தானாகவே ஒதுங்கிவிடும். ஆற்றிலும் ஓடையிலும் குளித்துப் பழகியதால், அசையாமல் கிடக்கும் தண்ணீரைக் கண்டதும்தான் பாயும். அந்தக் கரையில் களப்புகளில் முதலை உண்டு. முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று விட்டுவிடாதீர்கள். கடலிலும் ஊர்ப் பிள்ளைகள் குளிக்கும் இடத்தில் மட்டும், அதுவும் ஒரு பெரியவர் கூடவே நிற்க வேண்டும்.

பகலில் கச்சான் காற்று அனலாக வீசும். படங்கின் கண்ணிகளை இரட்டைக் கயிறு போட்டுக் கட்டாவிட்டால் கிழித்துக்கொண்டு போய்விடும். இரவில் ஜன்னலைத் திறந்து வைக்காமல் தூக்கம் வராது, ஆகவே கிளம்பும் முன்பே ஜன்னல் அளவுக்கு நுளம்பு வலை தைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியதும் பீலியடியில், தண்ணீர் விழும் இடத்தில், வேனின் அடிப்பாகத்தை நன்றாகக் கழுவிவிடுங்கள், உப்பு தகட்டைத் தின்றுவிடும். உங்கள் வேன் எந்த வகை, எத்தனை பேர் என்று எழுதுங்கள். படங்கு எந்த அளவில் வாங்குவது, கூரையில் எங்கே கட்டுவது என்று சொல்கிறேன்.