தராசுக்கு மேலே சாமி படம்

அன்புள்ள ஐயா,

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்குக் கூப்பிட்டால் "எனக்கு நம்பிக்கை இல்லப்பா" என்கிறான். திருநீறு வைப்பதையும் விட்டுவிட்டான். மற்றபடி குறை சொல்ல முடியாது. படுக்கையில் கிடக்கும் என் அம்மா ராத்திரி குரல் கொடுத்தால் முதலில் எழுவது அவன்தான். ஆனாலும் பயமாக இருக்கிறது. சாமி பயம் இல்லாதவனுக்கு நல்லது கெட்டது எப்படித் தெரியும்? மதம் இல்லாமல் அறம் நிற்குமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'சாமி கண்ணைக் குத்தும்' என்று கேட்டு வளர்ந்தவன்தான் நானும். எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் கொடுக்கல் வாங்கல் தகராறு முற்றினால் 'கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணு' என்பார்கள். அந்தச் சுடருக்கு முன்னால் பொய் தொண்டையிலேயே நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே சாமி பயம் வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன். கற்பூரம் எரிகிற வரைக்கும் செய்யும்.

அப்பா புளி மூட்டைகளை மண்டிக்குக் கொண்டுபோவார். மண்டிக்காரர் வருஷம் தவறாமல் மாலை போடுபவர். தராசுக்கு மேலேயே சாமி படம், ஊதுவத்தி. ஈரம், கொட்டை என்று ஏதாவது சொல்லி மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்துவிடுவார். சாம்பிள் பார்க்க அள்ளிய புளி திரும்ப மூட்டைக்குள் போனதே இல்லை. ஒருநாள் அங்கே கணக்கு எழுதும் பையன் தவறிப்போய் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்துவிட்டான். பஸ் ஏறிய பிறகுதான் அப்பா எண்ணிப் பார்த்தார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்ப நடந்தார். எனக்கு ஆத்திரம். நம்மிடம் எத்தனை கிலோ அடித்திருக்கிறார்கள் என்றேன். "சாயங்காலம் அந்தப் பையன் சம்பளத்துலதான்டா பிடிப்பாங்க" என்றார். அப்பாவும் பக்திமான்தான், கிருத்திகை விரதம் விட்டதில்லை. ஆனால் அன்றைக்கு அவர் வாயில் சாமி வரவில்லை, பையன்தான் வந்தான்.

இன்னொன்று. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் நம் ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாதது, பெண் சிசுக்கொலை. பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடுங்கள் என்று 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. (கிருஷ்ணகிரி 2004இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. அதனால் நாங்களும் தப்பிக்க முடியாது.) அந்த வீடுகளில் விளக்கு ஏற்றாமலா இருந்தார்கள்? கும்பிட்டதும் பெரும்பாலும் அம்மனைத்தான்.

புறநானூற்றின் 134ஆம் பாட்டில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், வள்ளல் ஆய் அண்டிரனைப் பற்றி ஒன்று சொல்கிறார். 'இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம்' என்று கணக்குப் போடும் 'அறவிலை வணிகன்' அல்லன் அவன். இங்கே கொடுத்து அங்கே வட்டியோடு வாங்கிக்கொள்கிற ஆள் இல்லை. சான்றோர் போன வழி என்பதால் கொடுத்தான், அவ்வளவுதான். அறவிலை வணிகன் என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊதுவத்தி வாசனை வந்துவிடுகிறது.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். கடிதத்தின் நடுவில் பாட்டியைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே தாண்டிப் போய்விட்டீர்கள். பதினாறு வயதுப் பிள்ளை நடுராத்திரித் தூக்கத்தை உதறிக்கொண்டு எழுகிறான். ஏன் எழுகிறாய் என்று அவனிடம் எப்போதாவது கேட்டீர்களா? என்ன சொன்னான் என்று எனக்கும் எழுதுங்கள்.