கூப்பன் காலம் முதல் கியூஆர் காலம் வரை: சுதந்திரத்துக்குப் பிந்திய இலங்கை பற்றிக் கேள்வி பதில்

கொழும்பில் உயர்தர மாணவர்களுக்குப் பொருளியலும் அரசறிவியலும் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் வாசிப்பு வட்டத்துப் பிள்ளைகளும் பெரியவர்களும் 1948க்குப் பிந்திய இலங்கை பற்றிக் கேட்டு எழுதியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பம்பலப்பிட்டி: சேர், சுதந்திரம் கிடைத்த நேரம் நாங்கள் சிங்கப்பூரை விட முன்னுக்கு நின்றோம், லீ குவான் யூவே கொழும்பைப் பார்த்து ஆசைப்பட்டார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை, தம்பி. அவர் 1956 ஏப்ரலில் இங்கே வந்தார், கோல்பேஸ் ஹோட்டலில் தங்கினார், உலக யுத்தத்தில் சேதப்படாத கொழும்பின் கட்டடங்களை மெச்சினார். எங்களிடம் மெச்சுவதற்கு வேறும் இருந்தது. 1931இலேயே எல்லாருக்கும் வாக்குரிமை. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி. மலேரியாவுக்கு டீடீடீ என்ற கொசு மருந்து அடிக்கத் தொடங்கியபின், ஆயிரம் பேருக்கு 20 என்று 1946இல் இருந்த இறப்பு வீதம் அடுத்த வருடமே 14 அளவுக்கு இறங்கியது. வைத்தியசாலைகள் ஊருக்குள் போனதும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் தலைக்கு வருமானம் என்று பார்த்தால் சிங்கப்பூர் அப்போதே எங்களுக்கு மேலே. எங்கள் ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்கு தேயிலை, இறப்பர், தெங்கு. சாப்பிடும் அரிசியில் பெரும்பங்கு கப்பலில் வந்தது. அதாவது வெளிநாட்டில் தேயிலை விலை ஏறினால் சோறு, இறங்கினால் சண்டை.

அந்தச் சண்டைக்கு அதிக காலம் காத்திருக்கவும் இல்லை. கொரிய யுத்தத்தால் ஏறிய இறப்பர் விலை விழுந்ததும், 1953இல் ஒரு கொத்து (படி போன்ற அளவை) அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார்கள். ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால். அமைச்சரவை கரையில் கூடப் பயந்து, துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் போய்க் கூடியது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அன்றிலிருந்து எந்தக் கட்சியும் வரவு செலவுக் கணக்கைப் பார்க்கமுன் வாக்குக் கணக்கைத்தான் பார்க்கிறது.

கொட்டாஞ்சேனை: அப்பாவின் ஊர் ஹட்டன் பக்கம். தேயிலைதான் நாட்டுக்குக் காசு கொண்டுவந்தது என்றால், அதைப் பறித்தவர்களின் பிரஜாவுரிமையை ஏன் முதல் வேலையாகப் பறித்தார்கள்?

பிள்ளை, 1947 தேர்தல் முடிவைப் பாருங்கள். தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனம் எடுத்தது. மலையகத்தின் வேறு தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவுக்கு அது பிடிக்கவில்லை. 1948 சட்டம் கேட்டது என்ன தெரியுமா? இங்கே பிறந்தது போதாது. தகப்பன் இங்கே பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு, அத்தாட்சி வேண்டும். லயன் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டறையில்) பிறந்தவனின் பூட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? கொழும்பில் கோட் போட்ட பலரிடமே அது இருந்திராது. ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடம் வாக்காளர் இடாப்பிலிருந்தும் பெயர்கள் போயின.

தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் அதே அரசாங்கத்தில் அமைச்சராக இருந்தார். அதனால்தான் அந்தக் கட்சியிலிருந்து செல்வநாயகம் பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். வடக்குத் தமிழ்த் தலைமை மலையகத்தை முழுமனதோடு காப்பாற்றப் பார்த்தது என்ற கதையை நான் நம்புவதில்லை.

1964இல் எங்கள் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இந்திய வம்சாவளித் தமிழர் 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்துப் பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இங்கே 3,00,000, மிச்சம் 1,50,000 பேருக்குப் பிறகு பேசலாம் என்று. அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதி எடுத்தார்கள். அந்தச் சனத்திடம் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. நாடற்றவர் பிரச்சினை சட்டப்படி தீர 2003 ஆனது.

வாக்கு இல்லாத இடத்துக்கு எம்.பி. போகமாட்டார், எம்.பி. போகாத இடத்துக்குப் பள்ளிக்கூடமும் போகாது. இலவசக் கல்வி என்று நாடு பெருமைப்பட்ட காலத்தில், தோட்டப் பள்ளிகள் 1970கள் வரை துரைமாரின் கையில்தான் கிடந்தன.

வெள்ளவத்தை: தனிச் சிங்களச் சட்டம் உணர்ச்சிப் பிரச்சினைதானே? அதற்கும் பொருளாதாரத்துக்கும் என்ன தொடர்பு?

சம்பளம். அந்த 1956 சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞரின் வழக்கைத் தேடிப் படியுங்கள். சிங்களப் பரீட்சை சித்தியடையவில்லை என்று 1962இல் அவருடைய வருடச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். வழக்கு அப்போது எங்கள் கடைசி மேன்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. யாழ்ப்பாணத்தில் நல்ல காணி குறைவு, ஆங்கிலப் பள்ளிகள் கூட. அங்கத்தைய நடுத்தரக் குடும்பத்துக்கு அரசாங்க உத்தியோகம்தான் வயல். அதைத்தான் மூடினார்கள்.

லீ குவான் யூ வந்துபோய் இரண்டு மாதத்தில், 1956 ஜூன் 5ஆம் திகதி, அவர் தங்கிய ஹோட்டலுக்கு முன்னாலுள்ள காலிமுகத்திடலில் அந்தச் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சிக்காரரை அடித்துக் கலைத்தார்கள். பிரதமர் பண்டாரநாயக்க 1957இல் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் எழுதினார், 1958இல் பிக்குமார் வந்து கேட்கக் கிழித்தார். அந்த வருடமே தமிழருக்கு எதிராக நாடு முழுக்கப் பரவிய முதலாவது கலவரம்.

மட்டக்குளி: அம்மம்மா சிறிமாவின் காலத்தைத் திட்டித் தீர்ப்பார், பாண் கியூதான் ஞாபகம் என்பார். யாழ்ப்பாணத்துச் சித்தப்பாவோ அதைப் பொற்காலம் என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரி. கேட்க ஆசையாக இருந்த கேள்வி இது.

1970 தேர்தலில் சிறிமா, சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவந்து தருவேன் என்று சொல்லி வென்றார். பங்கீட்டுக் கூப்பனுக்கு இரண்டு கொத்தும் கொடுத்தார். பிறகு 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சி. கலகம் செய்தவர்கள் யார்? இலவசமாகப் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த கிராமத்துச் சிங்களப் பொடியன்கள். 1973இல் எண்ணெய் விலை ஏறியது, கோதுமையும் சீனியும் கூடவே ஏறின. அரசாங்கத்திடம் அந்நியச் செலாவணி இல்லை. விடியப்புறம் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் கூப்பன் புத்தகத்தோடு நின்று, அரைப் பாணோடு வீட்டுக்குப் போன தலைமுறை உங்கள் அம்மம்மாவுடையது. நெல்லையும் அரிசியையும் இடத்துக்கிடம் கொண்டுபோகக்கூடத் தடை இருந்தது.

அதே இறக்குமதித் தடை யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயக்காரனுக்குப் பணமாகக் கொட்டியது. இந்திய வெங்காயம் வராது, அவன் சொன்னதுதான் விலை. சித்தப்பா குடும்பம் கல்வீடு கட்டியது அந்தக் காலமாகத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

ஆனால் கல்வீட்டுக்காரரின் பிள்ளைக்கு அதே அரசாங்கம் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்தது. மருத்துவத்துக்குத் தமிழில் எழுதினவன் 250 புள்ளி எடுக்கவேண்டும், சிங்களத்தில் எழுதினவனுக்கு 229 போதும். பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது மன்னார், வன்னிப் பிள்ளைகள் சிலர் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனார்கள் என்பதையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தார் அதைச் சொல்ல விரும்புவதில்லை.

தெஹிவளை: 1977க்குப் பிறகு கதவைத் திறந்தோமே. ஏன் சிங்கப்பூர் ஆகவில்லை?

சந்தையைத் திறந்த அதே கையால் அரசியலை மூடினார் ஜே.ஆர். ஜயவர்தன. அந்தத் தேர்தலில் 168இல் 140 ஆசனம் அவருக்கு. எதிர்க்கட்சித் தலைவர் அமிர்தலிங்கம், தமிழர். 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் வந்தது, மகாவலி ஆற்றுத் திட்டத்துக்கு வெளிநாட்டுக் காசு வந்தது, புறக்கோட்டையில் ஜப்பான் ரேடியோ குவிந்தது. அரிசிக் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. 1981இல் யாழ் நூலகம் எரிந்தது.

1983 ஜூலை 24 இரவு, பொரளையில் தொடங்கிய தமிழருக்கெதிரான கலவரம் வெள்ளவத்தைக்கும் புறக்கோட்டைக்கும் பரவியது. வந்தவர்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்து வீட்டிலக்கம் பார்த்தார்கள். கடைகளோடு தொழிற்சாலைகளும் எரிந்தன. அவற்றில் வேலை செய்த சிங்களத் தொழிலாளரும் அடுத்த நாள் வேலையில்லாமல் நின்றார்கள். பிறகு 26 வருட யுத்தம். முதலீட்டுக்கு அதைவிடப் பெரிய தடை எது?

அந்தக் காலம் முழுக்க நாட்டைத் தாங்கியது யார் என்று பாருங்கள்: கொழுந்து பறித்த பெண், கட்டுநாயக்கவில் மெஷின் மிதித்த பெண், குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண். டொலர் வந்த மூன்று வழியும் பெண்களின் கை. பாராளுமன்றத்தில் அவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மருதானை: 2022இல் நாடு விழுந்ததற்குச் சீனாக் கடன்தானே காரணம்?

இல்லை. அம்பாந்தோட்டைத் துறைமுகம் வீண் செலவு, 2017இல் 99 வருடக் குத்தகைக்குப் போனது, எல்லாம் சரி. ஆனால் கழுத்தை நெரித்தது சர்வதேச இறையாண்மைப் பத்திரங்கள் (அரசாங்கம் வெளிநாட்டுச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்கள்), சுமார் 1,250 கோடி டொலர். 2007இலிருந்து வட்டி கூடின அந்தக் காசை வாங்கி வாங்கிச் செலவழித்தோம். வருமானப் பக்கம் இன்னும் மோசம். 1990 அளவில் மொத்த உற்பத்தியில் 19 வீதமளவுக்கு வரி வந்தது. 2019 கடைசியில் ஜனாதிபதி கோட்டாபய வற் (பெறுமதி சேர்) வரியை 15இலிருந்து 8 வீதமாக வெட்டினார். பிறகு மொத்த வரியே 8 வீதமளவுக்கு இறங்கியது. கொரோனாவில் சுற்றுலா நின்றது. 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்துக்குத் தடை. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கட்டமாட்டோம் என்று அறிவித்தோம். பெற்றோலுக்குக் கியூஆர் குறியீட்டுப் பங்கீடு, காஸுக்குக் கியூ, செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது.

காலிமுகத்திடலில் அன்று சிங்களப் பிள்ளைகள் கோட்டாபயவை வீட்டுக்குப் போகச் சொல்லிக் கூடாரம் அடித்தபோது எங்கள் தமிழ் ஆட்கள் பலர் தள்ளி நின்றுதான் பார்த்தார்கள். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களிலிருந்து தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியதை மறந்திருக்க முடியுமா? உயர் நீதிமன்றம்தான் அதை நிறுத்தியது.

கொள்ளுப்பிட்டி: மாகாண சபைகளால் என்ன பிரயோசனம்?

இருந்தால்தானே சொல்லலாம்! 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் வந்தவை. 2014க்குப் பிறகு பத்து வருடம் கடந்தும் தேர்தல் வைக்கவில்லை. காணியும் பொலிஸும் கொழும்பை விட்டுப் போகவே இல்லை.

வத்தளை: 2025இல் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். அப்படியென்றால் நெருக்கடி முடிந்ததா, சேர்? நான் ஒரு கார் வாங்கலாமா?

காருக்கு உங்கள் சம்பளத்தைக் கேளுங்கள், தம்பி. நாட்டுக்கு நான் மூன்று விஷயம் பார்ப்பேன். ஒன்று, சர்வதேச நாணய நிதியத்தின் திட்டம். எங்களுக்கு இது 17ஆவது, முந்திய 16உம் நோயைத் தீர்க்கவில்லை. இரண்டு, வரி. அதுவும் பருப்புக்கும் பால்மாவுக்கும் போடும் வரி அல்ல, வருமானத்துக்கும் சொத்துக்கும் போடுவது. மூன்று, தேயிலையும் உடுப்பும் தவிர வேறு எதை விற்கிறோம். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159 ஆசனம் கிடைத்தது, யாழ்ப்பாண மாவட்டத்திலும் 6இல் 3. அப்படியொரு பலம் ஜே.ஆருக்கும் இருந்தது, கோட்டாபயவுக்கும் இருந்தது. வெளிநாட்டுக் கடனின் பெரிய தவணைகள் 2028இலிருந்து திரும்பத் தொடங்கும். டொலர் கையிருப்பு எவ்வளவு என்று மத்திய வங்கி மாதாமாதம் வெளியிடுகிறது, காரின் விலைப்பட்டியலோடு அதையும் சேர்த்துப் பாருங்கள்.