பல் விரிசலுக்கு எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: வயது 46. நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன், சம்பளம் 28,000 ரூபாய். கீழ்க் கடைவாய்ப்பல்லில் விரிசல். ரூட் கெனால், கேப் இரண்டுக்கும் 16,000 ரூபாய் ஆகுமாம். எப்போதாவதுதான் வலிக்கிறது. 40,000 ரூபாய் எஃப்.டி. முதிர இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதுவரை தள்ளிப்போடலாமா, கிரெடிட் கார்டில் கட்டலாமா? தூக்கத்தில் நான் பல்லை நறநறவென்று கடிப்பதாக மனைவி சொல்கிறார்.

பதில்: தள்ளிப்போடாதீர்கள். எலும்பு முறிந்தால் கூடும், பல் விரிசல் தானாகக் கூடாது. மெல்ல மெல்ல அது கீழே இறங்கும். வேர்வரை பிளந்துவிட்டால் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும். அப்புறம் இம்பிளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) என்று போனால் 16,000 போதாது.

எஃப்.டி.யை உடைக்கவும் வேண்டாம். அதே வங்கியில் அதன் பேரில் கடன் கேளுங்கள். பொதுவாக எஃப்.டி. வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 வீதம் அடைத்தால் எட்டு மாதத்துக்கும் சேர்த்து வட்டி சுமார் 540 ரூபாய். கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால், மாதம் 3.5 சதவீதம் என்றாலே முதல் மாத வட்டி மட்டும் 560 ரூபாய்! கிளினிக்கில் வட்டியில்லாத் தவணை என்றால், மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பார்கள் என்று கேளுங்கள். தவணையில் அந்தத் தள்ளுபடி கிடைக்காவிட்டால் அதுதான் நீங்கள் கட்டும் வட்டி.

மருத்துவக் காப்பீட்டை நம்ப வேண்டாம். விபத்தில் அடிபட்டால் தவிர, பெரும்பாலான பாலிசிகள் பல்லுக்குப் பணம் தராது.

மருத்துவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். நரம்பு கெடவில்லை என்றால் கேப் மட்டும் போதுமா? கடைவாயில்தானே, மெட்டல் கேப் போடலாமா? அது உறுதியானது, பல் நிறத்தில் இருக்கும் சிர்கோனியா கேப்பைவிட விலையும் குறைவு.

மனைவி சொன்னதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் பட்டது. விரிசலுக்கு அந்தக் கடியே காரணமாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் புது கேப்பும் உடையலாம், மற்ற பற்களும் தேயும். தேய்ந்த எனாமல் மறுபடி வளராது. இரவில் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டு தேவையா என்று கேட்டு, அதையும் கணக்கில் சேருங்கள்.

புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செலவு வெகுவாகக் குறையும். ஆனால் பல தடவை போக வேண்டிவரும். பஸ் கட்டணத்தையும் லீவுக்குப் பிடிக்கும் சம்பளத்தையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள். சிகிச்சை முடியும்வரை அந்தப் பக்கம் முறுக்கு, சீடை கடிக்க வேண்டாம்.