கூப்பர் பிளாக்: ஒரு குண்டு எழுத்தைப் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: எழுபதுகளின் டி-ஷர்ட் படங்களில் எல்லாம் ஊதிவிட்ட மாதிரி ஓர் ஆங்கில எழுத்து வருமே, அதன் பெயர் என்ன?

பதில்: கூப்பர் பிளாக். ஆனால் வயது இன்னும் கூடுதல். சிகாகோவின் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து, அதே ஊரின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற அச்செழுத்து வார்ப்பகம் 1922-இல் வெளியிட்டது. அப்போது ஈய அச்சு. ஒவ்வொரு எழுத்தும் தனிக் கட்டை, ஓர் அளவுக்கு மேல் நெருக்க முடியாது. எழுத்தைப் படமெடுத்துக் கோக்கும் போட்டோ டைப்செட்டிங்கும், தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் தாளும் வந்த பிறகுதான் எழுத்துகளை ஒன்றோடொன்று இடிக்கவிட முடிந்தது. 1966-இல் வந்த பீச் பாய்ஸ் இசைக்குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டு அட்டையைப் பாருங்கள், நெருக்கியடித்து நிற்கும். இன்று நாம் 'ரெட்ரோ' என்பது இந்த இரண்டாம் பிறவியைத்தான்.

கேள்வி: கணினியில் அதற்கு நிகராக நான் பயன்படுத்தும் எழுத்து சப்பென்று இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஆங்கிலப் பெரிய 'O'வைப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஓட்டை நேராக நிற்காது, பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அடுத்து செரிஃப், அதாவது எழுத்துக் கோட்டின் முனையில் நீட்டும் சின்னப் பாதம். இதில் செரிஃபே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது, முனை மழுங்கி உருண்டுவிட்டது, அவ்வளவுதான். நேரான ஓட்டை, வெட்டிய முனை என்றால் குண்டாக இருக்கும், குறும்பு இருக்காது.

கேள்வி: டிபன் கடை மெனு கார்டு முழுவதையும் இதிலேயே போடலாமா?

பதில்: நான் போட்டுப் பட்டிருக்கிறேன். ஒன்பது பாயின்ட்டில் விலைப்பட்டியல். சாதாரணத் தாளில் மை பரவி, 6-க்கும் 8-க்கும் ஓட்டை அடைத்துக்கொண்டது. 60 ரூபாய் எது, 80 ரூபாய் எது என்று கல்லாவில் ஒரு வாரம் வாக்குவாதம். தப்பு என்னுடையதுதான். கடைப் பெயர், 'இன்றைய ஸ்பெஷல்', இரண்டோடு நிறுத்துங்கள். விலைக்கு மெல்லிய எழுத்து.

கேள்வி: தொழிலுக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியாதா?

பதில்: ஈஸிஜெட் என்ற மலிவுக் கட்டண விமான நிறுவனத்தின் விமான உடம்பிலேயே இதுதான் இருக்கிறது. மலிவு, கலகலப்பு, பயப்படாமல் வாருங்கள் என்று சொல்லும் தொழிலுக்குப் பொருந்தும். வக்கீல் பலகைக்கு வேண்டாம்.

கேள்வி: பக்கத்தில் தமிழும் வர வேண்டும். என்ன செய்வது?

பதில்: கூப்பர் பிளாக்கில் தமிழ் கிடையாது. எக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழுவின் 'பலூ தம்பி' எழுத்துருவை முயன்று பாருங்கள். உருண்டு திரண்டது, இலவசம். ஆனால் தமிழைச் சற்றுப் பெரிதாக வையுங்கள். 'ணு', 'ஞ' போன்றவற்றில் சுழி அதிகம்; ஒரே அளவில் வைத்தால் தமிழ் கறுத்துத் தெரியும். அப்புறம், ஆங்கிலத்தை இடிக்கவிட்ட மாதிரி தமிழையும் நெருக்காதீர்கள். துணைக்கால் முன்னெழுத்தோடு ஒட்டிப் புது எழுத்தாகிவிடும்.