கூட வேலை செய்பவர்களுக்குள் பொறாமை ஏன் வருகிறது? அதனால் என்ன ஆகும்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருடம் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். அங்கே கண்டதைச் சொல்கிறேன்.

முதலாளி புதுக் கார் வாங்கினபோது யாருக்கும் வயிறு எரியவில்லை. பக்கத்து மிஷின்காரி சனிக்கிழமை சம்பளத்தில் இருநூறு ரூபாய் அதிகம் வாங்கினால்தான் எரியும். ஒரே பஸ்ஸில் வருகிறோம், ஒரே மிஷின் ஓட்டுகிறோம், அவளுக்கு மட்டும் எப்படி?

எங்களுக்குப் பீஸ் ரேட், அதாவது தைக்கிற பீஸ் கணக்குக்குத்தான் கூலி. ஓவர்லாக் மிஷினில் சைடு அடிப்பது, அதாவது பனியனின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைப்பது, சுலபம், பீஸ் மளமளவென்று விழும். கழுத்துக்கு ரிப் பட்டி வைத்துத் தைப்பது சள்ளை பிடித்த வேலை. ரேட் கொஞ்சம் கூடுதல் என்றாலும் படுகிற பாட்டுக்குக் கட்டாது. ஷிப்மென்ட் நெருக்கத்தில், கை வேகமான ஒரு சின்னப் பெண்ணுக்கே சைடு பண்டல்களைத் தொடர்ந்து கொடுத்தேன். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. இரண்டே வாரத்தில் "அவ சூப்பர்வைசருக்கு வேண்டியவ" என்று பேச்சு. ஒருநாள் காலையில் அவள் மிஷினில் நூல் டென்ஷனை யாரோ தளர்த்திவிட்டார்கள். நூறு பீஸுக்கு மேல் செக்கிங்கிலிருந்து ஆல்ட்ரேஷனுக்கு, பிரித்துத் தைக்க, திரும்பி வந்தது.

யார் செய்தது என்று நான் தோண்டவில்லை. ஆனால் மூத்த டெய்லர் அக்கா ஒருவர் சொன்னது இன்னும் மனசில் நிற்கிறது: "கைமடியா வந்தவளுக்கு மிஷின் ஓட்டப் பழக்கினதே நானுங்க. இப்ப அவ சைடு அடிக்கறா, நான் ரிப்பு வெச்சுட்டு உக்காந்திருக்கேன்." கைமடி என்றால் டெய்லருக்கு ஒத்தாசைக்கு நிற்கும் ஆள்.

கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களிடம் நடத்தி 2012இல் வெளியான ஓர் ஆய்வைப் பின்னாளில் படித்தேன். எல்லோர் சம்பளத்தையும் பார்க்கக்கூடிய இணையதளம் ஒன்று இருப்பதைச் சிலருக்கு மட்டும் தெரியப்படுத்தினார்கள். தம் துறையில் சக ஊழியர்களைவிடக் குறைவாக வாங்குகிறவர்களுக்கு வேலையில் திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. அதிகம் வாங்குகிறவர்களுக்கோ திருப்தி ஒன்றும் கூடவில்லை. சைடு அடித்த அந்தப் பெண்ணும் அந்த நாட்களில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். மாசக் கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எந்த வேலை யாருக்கு என்று போர்டில் எழுதி, வாராவாரம் மாற்றிவிட்டேன். பண்டல் சண்டை பாதிக்கு மேல் குறைந்தது. வேகமானவர் அதிகம் வாங்கினால், எதனால் என்று போர்டைப் பார்த்தாலே தெரிந்தது. முணுமுணுப்பு அத்தோடு நின்றது.

அந்த அக்கா மட்டும், நான் அங்கிருந்து வரும்வரைக்கும், வேறெந்தக் கைமடிக்கும் மிஷின் சொல்லிக்கொடுக்கவே இல்லை.