மூங்கில் அரிசி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு கடையில் மூங்கில் அரிசி இலைப்பச்சையாக இருக்கிறது, இன்னொரு கடையில் கோதுமை போலப் பழுப்பாக இருக்கிறது. எதை வாங்குவது? (வாசகி, ஈரோடு)

பதில்: பழுப்பைத்தான். மூங்கிலும் புல் இனம். முள்மூங்கில் பூத்து உதிர்க்கும் நெல்லின் உமியை நீக்கினால் கிடைப்பதே மூங்கில் அரிசி. மணி ஒல்லியாக, நுனி கூராக இருக்கும். ஒரு பக்கம் நீளவாக்கில் கோதுமைக்கு உள்ளதுபோல் பள்ளம் ஓடும். நெல்லரிசியில் இந்தப் பள்ளம் கிடையாது. நிறத்தைவிட இதையே நம்புங்கள். பளிச்சென்ற பச்சை என்றால் பெரும்பாலும் நிறமேற்றிய சாதாரண அரிசிதான். வெந்நீரில் போட்டால் சில சாயங்கள் இறங்கும், சில இறங்காது. நீர் தெளிவாக இருந்தாலும் பள்ளம் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

விலையையும் பாருங்கள். முள்மூங்கில் பூக்கச் சுமார் 40 ஆண்டுகள் ஆகும். விதை உதிர்ந்ததும் புதரே பட்டுப்போகும். ஒவ்வொரு காட்டில் ஒவ்வோர் ஆண்டு பூப்பதால் கொஞ்சம் கொஞ்சமாக வரத்து இருக்கும். மூட்டை மூட்டையாக, மலிவாக எப்போதும் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: குக்கரில் 3 விசில் வைத்தும் வேகவில்லை. கடித்தால் மண் நறநறக்கிறது. (வாசகர், கூடலூர்)

பதில்: புதரடியில் உதிர்ந்ததைக் கூட்டி அள்ளுகிறார்கள், அதனால்தான் மண். முதலில் முறத்தில் புடைத்து உமியையும் தூசியையும் போக்குங்கள். பிறகு நான்கைந்து தண்ணீர் மாற்றி அரித்தெடுங்கள். கல் அடியில் தங்கும். வெறுமனே கழுவினால் போகாது.

மேல்தோல் நீங்காத மணி என்பதால் தண்ணீர் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். 8 மணி நேரம் ஊறவையுங்கள். 1 டம்ளருக்கு 4 டம்ளர் தண்ணீர் ஊற்றி 5 விசில், பின் சிறுதீயில் 10 நிமிடம். ஆவி தானே அடங்கட்டும். அப்போதும் சோறு போலப் பொலபொலவென்று வராது, சற்று மெல்ல வேண்டியிருக்கும். எங்கள் கருத்தில் இதற்குக் கஞ்சியே பொருத்தம்: வாசம் வரும்வரை வறுத்து, நொய்யாக உடைத்து, 1க்கு 6 தண்ணீரில் காய்ச்சுங்கள். வயநாட்டில் செய்வதுபோல் பாயசம் என்றால், மணி நசுங்கும்படி வெந்த பிறகே வெல்லப்பாகு சேர்க்கவேண்டும். முன்பே சேர்த்தால் மணி விறைத்துக்கொண்டு அதற்குமேல் வேகாது. தேங்காய்ப்பால் கடைசியில், கொதித்தால் திரிந்துவிடும்.

கேள்வி: சர்க்கரை நோயாளிகள் அளவில்லாமல் சாப்பிடலாமா? (வாசகர், தேனி)

பதில்: கூடாது. இதுவும் மாவுச்சத்து மிகுந்த தானியமே. அரிசிச் சோற்றைப் போலவே அளந்து சாப்பிடுங்கள். இதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.