“நல்ல ஆஃபர் வந்தா விட்டுடுறோம்” என்றார்களே! கால்பந்து ஒப்பந்தம் பற்றிக் கேள்வி பதில்

புதுச்சேரி நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கிறேன். அதற்கு முன்னால் உப்பளம் மைதானத்தில் லெஃப்ட் பேக். ஒப்பந்தம், என்ஓசி (வேறு கிளப்புக்குப் போகச் சம்மதம் தரும் கடிதம்), சம்பள பாக்கி பற்றி நம் பகுதி வீரர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

முத்தியால்பேட்டை, 21 வயது வீரர்: மூன்று வருஷ ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. கையெழுத்துப் போட்ட அன்று மேனேஜர், “நல்ல ஆஃபர் வந்தா விட்டுடுறோம் தம்பி” என்றார். இப்போது ஆஃபர் வந்திருக்கிறது, என்ஓசி தர மறுக்கிறார்கள். வாய்ச்சொல் செல்லாதா அண்ணே?

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாயால் பேசி முடித்ததும் ஒப்பந்தம்தான். ஆனால் உங்களிடம் ஏற்கெனவே எழுதிய ஒப்பந்தம் இருக்கிறது, அதில் மூன்று வருஷம் என்று இருக்கிறது. எழுதியதற்கு நேர் எதிரான வாய்ப்பேச்சைச் சாட்சியச் சட்டம் லேசில் உள்ளே விடாது. இன்னொரு சிக்கலும் உண்டு தம்பி. ‘நல்ல ஆஃபர்’ என்றால் எவ்வளவு? மூன்று லட்சமா, முப்பது லட்சமா? எந்தத் தேதிக்குள்? மேனேஜரே கூண்டில் ஏறி “ஆமாம், சொன்னேன்” என்று ஒப்புக்கொண்டாலும், எதை நிறைவேற்றச் சொல்லி நீதிபதி உத்தரவு போடுவார்?

இங்கிலாந்து வீரர் ஹாரி கேன் மாட்டிக்கொண்டதும் இதே இடத்தில்தான். 2018-இல் டாட்டன்ஹாம் கிளப்போடு ஆறு வருஷ ஒப்பந்தம். 2021-இல் மான்செஸ்டர் சிட்டி கேட்டபோது, போக விடுவதாகத் தலைவர் டேனியல் லெவியோடு வாய்மொழி உடன்பாடு இருப்பதாக கேன் நம்பினார். லெவி அசையவில்லை. கேன் 2023-இல்தான் பேயர்ன் மியூனிக் போக முடிந்தது.

மெஸ்ஸிக்கு எழுத்திலேயே வழி இருந்தது, தேதி கெடுத்தது. சீசன் முடிவில் இலவசமாகப் போகலாம் என்பதை ஜூன் 10-க்குள் சொல்லியிருக்க வேண்டும் என்றது பார்சிலோனா. 2020-இல் கொரோனாவால் சீசன் ஆகஸ்ட் வரை நீண்டது. அவர் கடிதம் ஆகஸ்ட் 25-இல் போனது. சீசன் முடிவில் நீயே முடிவு செய்துகொள் என்று தலைவர் எப்போதும் சொல்லிவந்தார், சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று பேட்டியில் மெஸ்ஸி வருத்தப்பட்டார். போவதென்றால் 70 கோடி யூரோ என்று நின்றார்கள். கிளப்பைக் கோர்ட்டுக்கு இழுக்க மனமில்லாமல் அந்த வருஷம் தங்கிவிட்டார். இதே மெஸ்ஸி 13 வயதுப் பையனாக இருந்தபோது, 2000 டிசம்பர் 14 அன்று, அவரைச் சேர்த்துக்கொள்வதாக ஒரு டிஷ்யூ பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் பார்சிலோனாவின் கார்லஸ் ரெக்ஸாச். கையில் கிடைத்த காகிதம் அதுதான். எழுதினார் பாருங்கள், அது எனக்குப் பிடிக்கும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது பேச்சுவார்த்தை. கேட்கிற கிளப்பை, தொகை போட்டு உங்கள் கிளப்புக்கு எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி சேருங்கள்: “வேறு கிளப் ரூ. 8 லட்சமோ அதற்கு மேலோ தருவதாக மே 31-க்குள் எழுதிக் கேட்டால், கிளப் ஏழு நாளில் சம்மதக் கடிதம் தர வேண்டும்.” தொகையும் தேதியும் உங்கள் நிலைமைக்கு ஏற்ப மாறலாம். இரண்டில் ஒன்றைக்கூடக் காலியாக விடாதீர்கள்.

அவரே மறுபடியும்: சொல்லாமல் போய் அங்கே ஆடிவிட்டால் என்ன ஆகும்?

செய்யாதீர்கள். இந்திய அணி வீரர் அன்வர் அலி மோகன் பகான் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஈஸ்ட் பெங்கால் போனபோது, 2024 செப்டம்பரில் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் கமிட்டி அவருக்கு நான்கு மாதத் தடையும் 12.9 கோடி ரூபாய் இழப்பீடும் விதித்தது. இழப்பீட்டில் ஈஸ்ட் பெங்காலும் அவருடைய தாய்க் கிளப் டெல்லி எஃப்சியும் சேர்ந்து மாட்டின. அந்த உத்தரவு டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த அளவுக்கு வழக்கு நடத்த நம் பையன்களிடம் யாருக்கு வசதி இருக்கிறது?

அரியாங்குப்பம்: மேனேஜர் சொன்னது வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் இருக்கிறது. உதவுமா?

உதவும். ஃபார்வர்ட் செய்த காப்பியை நம்பாமல், அது வந்த போனையே பத்திரமாக வையுங்கள். கோர்ட்டில் கொடுக்கும்போது மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழும் சேர்க்க வேண்டும்.

கடலூர், ஒரு அம்மா: மகளுக்கு 16 வயது. அகாடமியில் ஐந்து வருஷ பாண்டில் அவளிடமே கையெழுத்து வாங்கி, மார்க் ஷீட் ஒரிஜினலையும் வைத்துக்கொண்டார்கள். “அப்புறம் தர்றோம்” என்கிறார்கள்.

அம்மா, பயப்படாதீர்கள். 18 வயது ஆகாதவர் போட்ட ஒப்பந்தம் நம் நாட்டில் செல்லாது. 1903-இலேயே, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்த்துச் சொன்ன விஷயம். ஃபிஃபா விதிப்படியும் 18 வயதுக்குக் கீழே மூன்று வருஷத்துக்கு மேல் ஒப்பந்தம் கிடையாது. மார்க் ஷீட்டைத் தேதி குறித்துத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் கேளுங்கள். ரசீதை எடுத்து வையுங்கள். இனிமேல் நீங்கள் பக்கத்தில் இல்லாமல் அவள் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. இந்துமதி கதிரேசன் உங்கள் கடலூர்ப் பெண்தான், இந்திய அணிக்கு ஆடினார். உங்கள் மகளும் ஆடட்டும், ஒரிஜினல் வீட்டில் இருக்கட்டும்.

வில்லியனூர்: ஒப்பந்தம் முடிந்த பிறகும் “எங்களைக் கேட்காம வேற எங்கேயும் போகக் கூடாது” என்கிறார்கள்.

முடிந்துவிட்டால் போகலாம். ஐரோப்பாவில் 1995-இல் போஸ்மன் என்ற வீரரின் வழக்கில் வந்த தீர்ப்பு இதைத்தான் சொன்னது. இங்கே, ஒருவரைத் தொழில் செய்ய விடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிற ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இருக்கிறது. 2006-இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அவரைக் கட்டிவைத்த நிபந்தனை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். கடைசி ஆறு மாதத்திலேயே அடுத்த கிளப்போடு பேசிக் கையெழுத்துப் போட ஃபிஃபா விதியும் இடம் தருகிறது.

காரைக்கால்: மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. கேட்டால் “அடுத்த மாசம்.”

ஃபிஃபா விதிப்படி இரண்டு மாதச் சம்பளம் நின்றால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் பார்த்துவிட்டு வெளியேறலாம். உள்நாட்டு கிளப் என்றால் உங்கள் ஒப்பந்தத்தில் வேறு கெடு எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் “அடுத்த மாசம் தருவதாகச் சொன்னீர்கள்” என்று அன்றைக்கே ஒரு மெயில் போட்டுவிடுங்கள். நோட்டீஸ் கொடுக்காமல் பயிற்சியை நிறுத்தினால் தப்பு உங்கள் தலையில் விழும்.

நெட்டப்பாக்கம், 22 வயது: ஒரு கம்பெனி அணியில் ‘ரெண்டு சீசன் ஆடு, வேலை போட்டுத் தர்றோம்’ என்கிறார்கள். எழுதித் தரக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது சார்.

எனக்கும் அந்த வயதில் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். டீக்கடை பெஞ்சில், தோளில் கை போட்டுக்கொண்டு. நானும் இரண்டு சீசன் ஆடினேன், இரண்டாவதில் முட்டி போனது. வேலையைப் பற்றிக் கேட்கப் போனபோது சொன்னவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “யாருப்பா சொன்னது?” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, ஃபைலில் எதுவும் இல்லை. அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்கு வந்ததை இன்னும் மறக்கவில்லை.

நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் இப்படி அனுப்புங்கள்: “சார், இன்று நேரில் சொன்னபடி, இரண்டு சீசன் முடிந்ததும் எனக்கு நிரந்தர வேலை தருவதாக எடுத்துக்கொண்டு அணியில் சேருகிறேன். சரியா என்று உறுதி செய்யவும்.” மேனேஜருக்கு மட்டும் அனுப்பாமல் ஆபீஸ் மெயிலுக்கும் போடுங்கள். பதில் வந்த பிறகு பூட்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.